ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியில் பாடத் தெரிவு: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

இலங்கையில் ஓ.எல். முடித்த பிள்ளை ஏ.எல்.லுக்குக் கணிதமா, உயிரியலா, வணிகமா, கலையா என்று ஒருமுறை முடிவெடுக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் குரூப் எடுப்பதும் அதே மாதிரிதான். ஒன்ராறியோவில் அப்படிப் பிரிவு எதுவும் இல்லை. தரம் 9 முதல் 12 வரை ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத் தெரிவு செய்கிறார்கள். இரசாயனமும் தச்சு வேலையும் நாடகமும் ஒரே பிள்ளை படிக்கலாம். இந்தச் சுதந்திரத்தைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு எதையாவது எடுக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்ட வீடுகள்தான் பின்னால் சிரமப்படுகின்றன. தரம் 10-இல் எடுத்த ஒரு கணிதப் பாடத்தால் தரம் 12-இல் பொறியியலுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். அந்தப் பாடத்தை எடுத்த அன்று வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது.

ஆகவே ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தரம் 12-இல் கையில் என்னென்ன பாடம் இருக்க வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து கீழே இறங்கி வந்து, இந்த ஆண்டு எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

30 கிரெடிட் கணக்கு

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 110 மணி நேரம் நடக்கும் ஒரு பாடத்தை 50 புள்ளிக்குக் குறையாமல் முடிப்பது. பெரும்பாலான பள்ளிகள் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. செப்டம்பர் முதல் ஜனவரிக் கடைசி வரை நான்கு பாடம், பெப்ரவரி முதல் ஜூன் வரை வேறு நான்கு பாடம். ஒவ்வொன்றும் தினமும் ஏறக்குறைய 75 நிமிடம். நான்கு ஆண்டில் 32 இடம் இருக்கிறது, தேவை 30. அதாவது ஒன்றிரண்டு பாடம் தவறினாலும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

2024 செப்டம்பரிலும் அதற்குப் பிறகும் தரம் 9 தொடங்கியவர்களுக்கு 30-இல் 17 கட்டாயம், 13 விருப்பப் பாடம். ஆங்கிலம் 4 (தரத்துக்கு ஒன்று), கணிதம் 3 (அதில் ஒன்றாவது தரம் 11 அல்லது 12-இல் இருக்க வேண்டும்), விஞ்ஞானம் 2, தொழில்நுட்பம் 1, கனடிய வரலாறு 1, கனடியப் புவியியல் 1, கலை 1, உடற்கல்வி 1, பிரெஞ்சு 1, குடிமையியல் அரை, தொழில் வழிகாட்டல் அரை. கடைசி ஒன்றை வணிகம், கணினி, கோ-ஆப் (வேலையிடத்தில் பயிலும் பாடம்), மேலதிக விஞ்ஞானம், மேலதிகக் கணிதம், மேலதிகத் தொழில்நுட்பம் என்ற தொகுதியிலிருந்து எடுக்கலாம். 2024-க்கு முன்பு தொடங்கியவர்களுக்குக் கட்டாயம் 18, தொகுதிகளும் வேறு. அதனால் மூத்த பிள்ளைக்குப் போட்ட கணக்கை அப்படியே இளைய பிள்ளைக்கு வைக்காதீர்கள்.

கிரெடிட்டுக்கு வெளியே இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்று, 40 மணி நேரச் சமூகத் தொண்டு. தரம் 9 தொடங்குவதற்கு முந்திய கோடை விடுமுறையிலிருந்தே செய்யலாம், சம்பளம் வாங்கக் கூடாது. உணவு வங்கி, நூலகம், கோயில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று பல இடங்களில் செய்யலாம். செய்யுமுன் அந்த இடம் உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளிச்சபையின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள், முடித்த அன்றே கையெழுத்தை வாங்குங்கள். இரண்டு, தரம் 10-இல் எழுதும் மாகாண எழுத்தறிவுத் தேர்வு. ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் இரண்டாம் மொழி) படிக்கும் பிள்ளைக்கு இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கேட்கலாம். எழுதித் தவறினால் அதற்குப் பதிலாகத் தரம் 12-இல் ஒரு முழுப் பாடம் இருக்கிறது, அதுவும் ஒரு கிரெடிட். மூன்றாவது, இரண்டு கிரெடிட்டை இணையவழியில் எடுக்க வேண்டும் என்ற விதி. இதில் பெற்றோர் படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளையை இணையவழிப் பாடத்தில் தனியே உட்காரவைப்பது நல்லதில்லை என்பது எங்கள் எண்ணம். தயங்காமல் விலகல் படிவத்தைக் கேளுங்கள்.

பாடக் குறியீட்டை வாசிப்பது

பாடப் பட்டியலைத் திறந்தால் எல்லாமே ஐந்து எழுத்துக் குறியீடுகளாக நிற்கும். ஒன்றை எடுத்துப் பார்ப்போம்: எம்.சி.ஆர்.3யூ.

முதல் மூன்று எழுத்து பாடத்தைச் சொல்கின்றன. எம் என்று தொடங்கினால் கணிதம், எஸ் என்றால் விஞ்ஞானம், ஈ என்றால் ஆங்கிலம். நான்காவதாக வருவது தரம். 1 என்றால் தரம் 9, 2 என்றால் 10, 3 என்றால் 11, 4 என்றால் 12. ஐந்தாவது எழுத்துத்தான் பிள்ளையின் பாதையைத் தீர்மானிப்பது. ஆறாவதாக ஓர் எழுத்தோ எண்ணோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது பள்ளியின் உள் கணக்கு, விட்டுவிடுங்கள்.

தரம் 9-இல் ஐந்தாவது எழுத்து பெரும்பாலும் டபிள்யூ. எல்லோருக்கும் ஒரே பாடம் என்று அதற்குப் பொருள். முன்பு தரம் 9-இலேயே டி, பி என்று பிரித்துவிடுவார்கள். கணிதத்தில் 2021-இலும் மற்றப் பாடங்களில் 2022-இலும் அதை எடுத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் இங்கே படித்த உறவினர் "ஒன்பதாம் வகுப்பிலேயே அகடமிக் எடுக்கச் சொல்லுங்கள்" என்றால் அது பழைய கதை. பிரிவு இப்போது தரம் 10-இல் வருகிறது. டி என்றால் அகடமிக் (கோட்பாடு சார்ந்தது), பி என்றால் அப்ளைட் (நடைமுறை சார்ந்தது).

தரம் 11, 12-இல் யூ என்பது பல்கலைக்கழகத்துக்கான தயாரிப்பு. எம் பல்கலைக்கழகத்துக்கும் கொலிஜுக்கும் (தொழில்சார் டிப்ளோமா படிப்புகள் நடத்தும் நிறுவனம்) பொது. சி கொலிஜுக்கு, ஈ வேலைக்கு நேரே போகிறவர்களுக்கு. எந்தத் தரத்திலும் ஓ என்றிருந்தால் யாரும் எடுக்கலாம். பல்கலைக்கழகம் தரம் 12-இன் யூ, எம் பாடங்கள் ஆறின் புள்ளியைத்தான் கூட்டிப் பார்க்கிறது. ஓ வகைப் பாடத்தில் 98 எடுத்தாலும் அந்தச் சராசரியில் சேராது. சி வகையும் சேராது. இது தெரியாமல் தரம் 12-இல் புள்ளி ஏறட்டும் என்று ஓ வகைப் பாடங்களை நிரப்பிக்கொண்ட பிள்ளைகள் ஜனவரியில் விண்ணப்பிக்கும்போது ஐந்து பாடத்தோடு நிற்கிறார்கள்.

எம்.சி.ஆர்.3யூ என்றால் தரம் 11, பல்கலைக்கழகத் தயாரிப்புக் கணிதம். பள்ளியில் எல்லோரும் அதை "ஃபங்ஷன்ஸ்" என்றுதான் சொல்வார்கள்.

பதிவும் முதல் மதிப்பீடும்

வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. வாடகை ஒப்பந்தம் போல முகவரிக்கான ஆதாரம், கடவுச்சீட்டு அல்லது பிறப்புச் சான்றிதழ், குடிவரவு ஆவணம், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு மூன்று ஆண்டு மதிப்பெண் அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள அறிக்கைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். முடிந்தால் ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தார்கள் என்ற பாடத்திட்டப் பக்கத்தையும் எடுத்துப்போங்கள். "கணிதம் 87" என்ற ஒரு வரியை வைத்து எதிரே இருப்பவரால் அதிகம் முடிவு செய்ய முடியாது. திரிகோண கணிதம், இருபடிச் சமன்பாடு, ஆள்கூற்று வடிவியல் என்று தலைப்புகள் கண்முன் இருந்தால் முடியும்.

தரத்தை வயதை வைத்துத்தான் பார்ப்பார்கள். 14 வயது நிறையும் நாட்காட்டி ஆண்டின் செப்டம்பரில் தரம் 9. அந்தக் கணக்கில் 2009-இல் பிறந்த பிள்ளை 2025 செப்டம்பரில் தரம் 11-இல் உட்காரும். ஓ.எல். இப்போதுதான் எழுதிய பிள்ளையைத் தரம் 11-இலோ 12-இலோ போடும்போது வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் படிக்க வேண்டிய பாடங்களுக்கு ஆண்டு போதாமல் போவதும் இங்கேதான். ஐந்தாவது ஆண்டு படிப்பது இங்கே சாதாரணம், அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. பள்ளியில் 21 வயது வரை படிக்க இடம் உண்டு.

ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஒரு மதிப்பீடு நடக்கும். சில பள்ளிச்சபைகள் அதைப் புதியவர் வரவேற்பு நிலையத்தில் நடத்துகின்றன. ஆங்கிலத்தில் ஏ முதல் ஈ வரை ஐந்து ஈ.எஸ்.எல். நிலைகள் உண்டு. ஏ தொடக்கம், ஈ மேல்நிலை. ஈ.எஸ்.எல்.லில் போட்டுவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். ஈ.எஸ்.எல். கிரெடிட் மூன்று வரை கட்டாய ஆங்கிலத்தின் நான்கில் கணக்கில் சேரும். நான்காவது மட்டும் தரம் 12-இன் கட்டாய ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

கணித மதிப்பீட்டில்தான் கவனம் வேண்டும். வினா ஆங்கிலத்தில், அதுவும் பந்தி பந்தியாகச் சொல்லும் கணக்காக வரும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. அதனால் கீழே உள்ள பாடத்தில் போட்டுவிடுவார்கள். "பிள்ளை தமிழ் வழியில் படித்தது, சொற்கள் இல்லாத கணக்காகவும் கொடுத்துப் பார்க்க முடியுமா?" என்று அங்கேயே கேளுங்கள். வகுப்புத் தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள் "இது எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்று பிள்ளை சொன்னால் பள்ளியில் பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் அன்றே போங்கள். அதற்குப் பிறகு மேல் வகுப்பில் இடம் கிடைப்பது கடினம்.

ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்று தீர்மானிப்பவர் பள்ளியின் அதிபர் (தலைமையாசிரியர்). பொதுவாக ஓர் ஆண்டுக்கு 8 என்று போகும். தரம் 9 முடித்தவருக்கு 8, தரம் 10 முடித்தவருக்கு 16. எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். மிச்சமுள்ள கட்டாயப் பாடங்கள் எவை, தொண்டு இன்னும் எத்தனை மணி, பிரெஞ்சு வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டாயப் பாடம் மூன்று வரை வேறு பாடத்தால் ஈடுசெய்ய அதிபருக்கு அதிகாரம் உண்டு. பிரெஞ்சு வாசனையே இல்லாமல் தரம் 11-இல் வந்த பிள்ளைக்கு இது பெரிய உதவி. தரம் 9-இல் வருகிற பிள்ளைக்கு எங்கள் ஆலோசனை வேறு. சில பள்ளிகளில் தொடக்கநிலை பிரெஞ்சு இருக்கிறது, அதை எடுத்துப் படிக்கட்டும். கனடாவில் அது பின்னால் உதவும் மொழி.

பாடச் சங்கிலி: எதைப் படித்தால் எது கிடைக்கும்

ஒரு பாடத்தை எடுக்க முன்பு எதை முடித்திருக்க வேண்டும் என்பதை முன்தேவை என்கிறோம். விருப்பப் பாடங்கள் பலவற்றுக்கு முன்தேவை இல்லை. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அது இரும்புச் சங்கிலி.

கணிதத்தைப் பார்ப்போம். தரம் 9 கணிதம் முடிந்ததும் தரம் 10-இல் இரண்டு வழி. டி வகை எடுத்தால் தரம் 11 ஃபங்ஷன்ஸுக்குப் போகலாம். பி வகை எடுத்தால் ஃபங்ஷன்ஸ் கிடையாது. பி வகையிலிருந்து தரம் 11-இல் எம் வகைக் கணிதம் ஒன்றுக்கோ சி வகைக் கணிதத்துக்கோதான் வழி.

ஃபங்ஷன்ஸ் முடித்தவருக்குத் தரம் 12-இல் மூன்றும் கிடைக்கும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், டேட்டா மேனேஜ்மென்ட். கால்குலஸை அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்குப் பிறகோ அதோடு சேர்த்தோதான் படிக்கலாம், அதற்கு முன் படிக்க முடியாது. ஆகவே அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸை முதல் செமஸ்டரில் வாங்கிவிட வேண்டும். இரண்டாம் செமஸ்டரில் கிடைத்தால் இரண்டு கணிதத்தையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியிருக்கும். எம் வகைக் கணிதம் எடுத்தவருக்கு டேட்டா மேனேஜ்மென்ட் நேராகக் கிடைக்கும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் வேண்டுமானால் தரம் 12-இன் கொலிஜ் தொழில்நுட்பக் கணிதத்தை முதலில் முடிக்க வேண்டும். வழி அடைபடவில்லை, ஆனால் ஒரு பாடம் சுற்றுப்பாதை. சி வகைக்குப் போனவர் திரும்பிவருவது இதைவிட நீண்ட பயணம்.

விஞ்ஞானத்தில் தரம் 10 டி வகை முடித்தால்தான் தரம் 11-இன் யூ வகை உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் கிடைக்கும். தரம் 12 இரசாயனத்துக்குத் தரம் 11 இரசாயனம் வேண்டும். உயிரியலும் பௌதிகமும் அப்படியே. பி வகை படித்தவருக்கு சி வகை விஞ்ஞானங்கள் உண்டு. கொலிஜில் ஆய்வுகூடம், சுகாதாரத் துறைப் படிப்புகளுக்குப் போகிறவருக்கு அவை நல்ல பாடங்கள்.

ஆங்கிலத்தில் தரம் 12 யூ வகைக்குத் தரம் 11 யூ வகை முன்தேவை. பல பள்ளிச்சபைகளில் தரம் 11 ஆங்கிலம் என்று கொடுப்பது கனடாவின் பூர்வகுடி எழுத்தாளர்களின் படைப்புகளை வாசிக்கும் பாடம். பெயரைப் பார்த்து விருப்பப் பாடம் என்று நினைத்துவிட வேண்டாம், அது தரம் 11 ஆங்கிலமாகவே எண்ணப்படும்.

இப்போது மேலிருந்து இறங்குங்கள். பொறியியல் என்றால் ஒன்ராறியோவில் பொதுவாகக் கேட்பது தரம் 12-இன் ஆங்கிலம், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கால்குலஸ், இரசாயனம், பௌதிகம். ஆறில் ஐந்து அங்கேயே நிரம்பிவிடுகிறது. பல்கலைக்கழகத் தாதியியலுக்கு ஆங்கிலம், உயிரியல், இரசாயனம், பெரும்பாலும் ஒரு கணிதம். கணினி விஞ்ஞானத்துக்கு முக்கியம் கணிதம். தரம் 12 கணினிப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்கள் கேட்பதில்லை. வணிகப் பட்டத்துக்கும் கணிதம் வேண்டும், பல இடங்களில் கால்குலஸே வேண்டும். "கொமர்ஸ்தானே, கணக்கு எதற்கு" என்று தரம் 11-இல் கணிதத்தை விட்ட பிள்ளைக்கு நல்ல வணிகப் படிப்புகள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பட்டியலில் ஒன்றிரண்டு மாற்றம் வைத்திருக்கும். பிள்ளை விரும்பும் மூன்று படிப்புகளின் பக்கத்தைத் திறந்து, தேவைப்படும் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றிலும் வருகிற பாடம் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வயதில் என்ன படிக்கப்போகிறோம் என்று தெரியாமல் இருப்பது இயல்பு. அப்படியானால் தரம் 10-இல் கணிதமும் விஞ்ஞானமும் டி வகையாகவும், தரம் 11-இல் ஃபங்ஷன்ஸும் இரண்டு விஞ்ஞானமும் எடுத்துவைத்தால் பெரும்பாலான வழிகள் திறந்தே இருக்கும். மேலிருந்து கீழே இறங்குவது எளிது, கீழிருந்து ஏறுவது ஓர் ஆண்டு வேலை. ஆனால் தொழிற்பயிற்சி விருப்பமுள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஐந்து யூ வகைப் பாடத்தில் உட்காரவைத்து 55, 58 என்று வாங்கவைப்பது அதைவிடக் கெடுதல். மின்சார வேலை, குழாய் வேலை, வாகனத் திருத்தம் ஆகியவற்றுக்குப் பள்ளியிலிருந்தே தொழில் பயிலும் இளையோர் திட்டம் இங்கே உண்டு, பிற்காலத்தில் நல்ல வருமானமும் உண்டு.

முன்தேவை இல்லாத பாடத்தை எடுக்கவே முடியாதா என்றால், பெற்றோர் கேட்டால் முன்தேவையைத் தளர்த்துவதா என்று அதிபர் முடிவு செய்யலாம். ஊரில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நன்றாகச் செய்த பிள்ளைக்கு இதைக் கேட்பது நியாயம்தான். மதிப்பெண் அறிக்கையும் பாடத்திட்டமும் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகள்

2009-இல் பிறந்து, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்து, 2025 ஓகஸ்டில் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவுக்கு வந்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். தரம் 11. ஊர்ப் படிப்புக்கு 16 கிரெடிட் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஈ.எஸ்.எல். டி நிலை. விருப்பம் பொறியியல். மிச்சம் 14 கிரெடிட், இரண்டு ஆண்டில் 16 இடம். பார்த்தால் தாராளம். இடம் போதும், ஆனால் ஆங்கிலச் சங்கிலி நீளம். ஈ.எஸ்.எல். டி, ஈ.எஸ்.எல். ஈ, தரம் 11 ஆங்கிலம், தரம் 12 ஆங்கிலம் என்று நான்கு படி. செமஸ்டருக்கு ஒன்று வீதம் போனால் தரம் 12 ஆங்கிலம் கடைசி செமஸ்டரில்தான் வரும். அங்கே ஒன்று தவறினால் ஆண்டே போய்விடும்.

இப்படி அடுக்கலாம். தரம் 11 முதல் செமஸ்டர்: ஈ.எஸ்.எல். டி, ஃபங்ஷன்ஸ், இரசாயனம், தொழில்நுட்பம். இரண்டாம் செமஸ்டர்: ஈ.எஸ்.எல். ஈ, பௌதிகம், குடிமையியலும் தொழில் வழிகாட்டலும் சேர்ந்த ஒரு இடம், அதிபர் மிச்சம் என்று சொன்ன கட்டாயப் பாடம் ஒன்று. ஜூலையில் கோடைப் பள்ளியில் தரம் 11 ஆங்கிலம். தரம் 12 முதல் செமஸ்டர்: ஆங்கிலம், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், இரசாயனம், உடற்கல்வி. இரண்டாம் செமஸ்டர்: கால்குலஸ், பௌதிகம், ஆறாவதாக எண்ணுவதற்கு ஓர் எம் அல்லது யூ வகைப் பாடம், ஓய்வுக்கு ஒரு இடம்.

கோடைப் பள்ளியில் ஒரு கிரெடிட்டை ஒரே மாதத்தில் முடிக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய முழு நாள் வகுப்பு, வீட்டில் அதற்குமேல் வேலை. ஆங்கிலப் பாடத்துக்குப் பல பிள்ளைகள் அதைத் தாங்குகிறார்கள். கால்குலஸையோ இரசாயனத்தையோ முதல்முறையாகக் கோடையில் படிக்க விடாதீர்கள். ஒரு நாள் காய்ச்சல் வந்து நின்றாலே ஒரு வாரத்துப் பாடம் போய்விடும்.

இந்த அடுக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தச் செமஸ்டரிலும் கனமான பாடம் மூன்றைத் தாண்டவில்லை. அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், இரசாயனம், பௌதிகம், ஆங்கிலம் நான்கும் ஒரே செமஸ்டரில் விழுந்தால் நல்ல மாணவரின் புள்ளிகூட இறங்கும். அட்டவணையைக் கணினிதான் போடுகிறது, அதற்குப் பிள்ளையின் சுமை தெரியாது. ஓகஸ்ட் கடைசியில் அட்டவணை வந்தவுடன் இதைப் பார்த்து மாற்றக் கேளுங்கள்.

விருப்பப் பாடங்கள்

13 விருப்பப் பாடத்தையும் "இலகுவாகப் புள்ளி வாங்கும் இடம்" என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் பாதி உண்மை. கனமான மூன்று பாடத்தோடு கை வேலை செய்யும் ஒரு பாடம் சேர்ந்தால் பிள்ளை மூச்சு விடும். மரவேலை, சமையல், இசை, நாடகம் எல்லாவற்றுக்கும் முறையான பாடத்திட்டமும் முறையான கிரெடிட்டும் உண்டு. புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நண்பர் பெரும்பாலும் அந்த வகுப்புகளில்தான் கிடைப்பார்.

பல்கலைக்கழகச் சராசரிக்கும் உதவ வேண்டும் என்றால் எம், யூ வகை விருப்பப் பாடங்களைப் பாருங்கள். சராசரியில் சேர்வது தரம் 12 பாடங்கள்தான், அதற்குப் பழக்கமாகத் தரம் 11-இல் கணக்கியல், சட்டம், மானிடவியல்-உளவியல்-சமூகவியல் சேர்ந்த பாடம். தரம் 12-இல் வணிகத் தலைமைத்துவம், குடும்பங்கள் பற்றிய பாடம், உலகப் பிரச்சினைகள். இவற்றில் பெரும்பாலானவை கட்டுரை எழுதும் பாடங்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கிலம் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு டேட்டா மேனேஜ்மென்ட்டோ கணினியோ பாதுகாப்பான ஆறாவது பாடம்.

தமிழையும் கிரெடிட்டுக்குப் படிக்கலாம். ரொறன்ரோ பகுதிப் பள்ளிச்சபைகள் சர்வதேச மொழிகள் திட்டத்தில், பள்ளி நேரத்துக்கு வெளியே, பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடத்துகின்றன. மூன்று நிலைகள் உண்டு. மூன்றாம் நிலை தரம் 12 யூ வகையாக எண்ணப்படுவதால் பல்கலைக்கழகத்தின் ஆறு பாடங்களில் ஒன்றாகப் பொதுவாக ஏற்கப்படும். பதிவு செய்யும்போது பிள்ளை எத்தனை ஆண்டு தமிழில் படித்தது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அ, ஆ எழுதும் நிலையில் போட்டுவிடுவார்கள்.

கோ-ஆப் என்பது பள்ளி நேரத்தில் ஒரு வேலையிடத்துக்குப் போய்க் கிரெடிட் வாங்குவது. சம்பளம் பொதுவாக இல்லை. கோ-ஆப் கிரெடிட்டைக் கட்டாயப் பாடக் கணக்கிலும் வைக்கலாம். ஆனால் அரை நாள் போய்விடும் என்பதால் ஐந்து யூ வகைப் பாடம் தேவைப்படும் பிள்ளை தரம் 12-இல் அதை எடுப்பது கடினம், தரம் 11-இலோ கோடையிலோ பாருங்கள்.

கத்தோலிக்கப் பள்ளிகளில் உயர்நிலையில் பிற மதத்தவரும் சேரலாம். அங்கே ஆண்டுதோறும் ஒரு மதப் பாடம் வரும், அது விருப்பப் பாடத்தின் இடத்தைப் பிடிக்கும். 13-ஐ 9 என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

ஆண்டின் போக்கில் கவனிக்க வேண்டியவை

அடுத்த ஆண்டுக்கான தெரிவு ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும், பெரும்பாலான பள்ளிகளில் மைபுளூபிரின்ட் என்ற தளத்தில். பிள்ளை தெரிவை அனுப்பியதும் பெற்றோர் ஒப்புதல் கேட்கும். அப்போது ஐந்தாவது எழுத்தை நீங்களே ஒவ்வொன்றாகப் பாருங்கள். நண்பர்கள் எடுக்கிறார்கள் என்று தரம் 10 கணிதத்தில் பி-யை அழுத்திவிடுவது சாதாரணமாக நடப்பது. போதிய மாணவர் சேராத பாடத்தைப் பள்ளி நடத்தாது. ஆகவே மாற்றுப் பாடம் கேட்கும் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள், அங்கேயும் சங்கிலியைப் பார்த்து நிரப்புங்கள்.

ஒரு பாடத்தின் புள்ளியில் 70 விழுக்காடு செமஸ்டர் முழுவதும் செய்யும் வேலைக்கு, 30 விழுக்காடு கடைசித் தேர்வுக்கும் இறுதித் திட்டத்துக்கும். கடைசி மாதத்தில் மாடாய்ப் படித்து மீட்டுவிடலாம் என்ற ஊர்க் கணக்கு இங்கே பலிக்காது. செப்டம்பரில் கொடுக்காமல் விட்ட ஒப்படை ஜனவரியில் புள்ளியைத் தின்னும்.

தரம் 11, 12-இல் ஒரு பாடத்தை விடுவதென்றால் செமஸ்டர் நடுவில் வரும் முதல் ரிப்போர்ட் கார்ட் கிடைத்த நாளிலிருந்து ஐந்து பள்ளி நாளுக்குள் விட வேண்டும். அதற்குள் விட்டால் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் (பாடங்களும் புள்ளிகளும் பதியும் பள்ளிப் பதிவேடு) ஒரு தடயமும் இருக்காது. ஆறாம் நாள் விட்டால் அன்றைய புள்ளியோடு, விலகினார் என்ற குறிப்பும் பதிவாகும். திரும்பப் படித்தாலும் இரண்டு முறைப் புள்ளியும் தெரியும், கிரெடிட் ஒன்றுதான். தரம் 9, 10-இல் இந்தச் சிக்கல் இல்லை, தேறிய பாடம் மட்டுமே பதிவாகும்.

தனியார் கிரெடிட் பள்ளிகள் கடைத்தெருக்களில் நிறைய இருக்கின்றன. "கால்குலஸ் 95 உறுதி" என்று சொல்லும் இடத்திலிருந்து விலகியே இருங்கள். சேர்வதானால் அந்தப் பள்ளிக்குக் கிரெடிட் வழங்கும் அதிகாரம் இருக்கிறதா என்று மாகாணக் கல்வி அமைச்சின் பட்டியலில் பாருங்கள், பிள்ளை விரும்பும் படிப்பு வெளியே படித்த பாடத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்.

கைடன்ஸ் சந்திப்புக்கு ஆங்கிலம் போதாது என்றால் முன்கூட்டியே சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பல பள்ளிகளில் புதிய குடும்பங்களுக்கு உதவும் செட்டில்மென்ட் பணியாளர் வாரத்தில் சில நாள் இருப்பார். தமிழ் பேசுபவரும் கிடைக்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தனக்குப் பிடிக்காத பகுதியை அது விட்டுவிடும். சந்திப்பு முடியும்போது இதுவரை பெற்ற கிரெடிட்டும் மிச்சமுள்ளதும் அடங்கிய ஒரு பக்க அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியின் கணினியிலும் அது இருக்கும். அதில் ஆங்கிலம், கணிதம், தொண்டு மணி, எழுத்தறிவுத் தேர்வு என்ற நான்கு வரியையும் விரலை வைத்துப் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள்.